ஞாயிறு யார் வீட்டுச் சொத்து?

2025 ஜனவரியில் ஒரு காணொளி நாடெங்கும் சுற்றியது. எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் தம் ஊழியர்களிடம் பேசியது அது. வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்துகிறேன், வீட்டில் இருந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். அதற்குப் பதினைந்து மாதம் முன்னர் இன்போசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்களுக்கு 70 மணி நேரம் விதித்திருந்தார். இவர் இன்னும் 20 மணி நேரத்தைக் கூட்டினார், அவ்வளவுதான். 90ஐ ஏழு நாளுக்குப் பங்கு வைத்தால், ஞாயிறும் சேர்த்து, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறையும்.

ஒரு வாரம் எல்லோரும் கேலிப்படம் போட்டுச் சிரித்தார்கள். பிறகு மறந்தார்கள். கொங்கு நாட்டில் அப்படிச் சிரித்துத் தள்ள முடியாது. சுப்ரமணியன் வெளிப்படையாகச் சொன்னதை இங்கே சனிக்கிழமைதோறும் சூப்பர்வைசர்கள் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வாரச் சம்பளக் கவர் கைக்கு வரும் நேரம். "சிப்மென்ட் நிக்குது கண்ணு, நாளைக்கு ஒரு பாதி ஷிப்ட் வந்துட்டுப் போயிரு." கெஞ்சலாகத்தான் கேட்பார்கள். மறுத்தால் அடுத்த வாரம் எந்த மெஷினில் உட்கார வைப்பார்கள் என்று தெரியாது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏழாம் நாள் முதலாளி இரங்கித் தரும் சலுகை அல்ல. அது தொழிலாளியின் வீட்டுக்கு உரியது. தம்முடையதல்லாத ஒன்றைத் திருப்பிக் கேட்பதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.

இந்த நாள் தானாக வந்ததும் அல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக 1890இல் அங்கே ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மறு ஆண்டே தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை இடம்பெற்றது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 1932இல் பைகாரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகின; ஊரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குப் படுத்தது. ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் சின்னியம்பாளையத்துத் தோழர்கள் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டது 1946 ஜனவரி 8. தொண்ணூறு மணி நேரப் பேச்சு வெளியே வந்ததும் அதே ஜனவரி இரண்டாம் வாரம்தான் என்பது தற்செயல். ஆனாலும் உறுத்துகிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். வாரத்தின் முதல் நாளில் தொழிலாளியை வேலைக்கு வரச் சொல்லக் கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. வேலை செய்ய அனுமதிக்கவும் கூடாது என்றது. மாற்று விடுமுறை என்றால் முன்பின் மூன்று நாளுக்குள் தர வேண்டியிருந்தது. எப்படிப் புரட்டினாலும் பத்து நாளுக்கு மேல் ஒருவர் தொடர்ந்து உழைக்கக் கூடாது என்றும் இருந்தது. "அவனேதான் ஓ.டி. கேட்டு வந்தான்" என்று சொல்வோர் அனுமதிக்கவும் கூடாது என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். வறுமை விரும்பி ஒப்புவதை விருப்பமாகக் கணக்கில் எடுக்கச் சட்டம் எழுதியவர்கள் மறுத்தார்கள். அறமும் மறுக்கத்தான் வேண்டும்.

சட்டத்துக்கு முன்பே நம் நூல்கள் இதைப் பேசிவிட்டன. தலைவன் பொருளுக்கும் போருக்கும் பிரிந்து போவதைப் பாடிய மரபு, அந்தப் பிரிவுக்குக் கெடுவும் வைத்தது. கல்விக்கான பிரிவு மூன்றாண்டைக் கடக்கலாகாது, வேந்தன் ஏவிய தொழிலானால் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்கிறது தொல்காப்பியக் கற்பியல். அரசன் வேலைக்கே கெடு இருந்தது! முல்லைத் திணைப் பாட்டுகளில் வினை முடித்த தலைவன் பாகனிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: தேரை விரைந்து செலுத்து, அவள் காத்திருக்கிறாள். இன்னும் ஒரு போர் முடித்துவிட்டுப் போகலாம் என்று அவன் சொல்வதில்லை. மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று அந்தப் பாகனும் கேட்டதில்லை.

வள்ளுவரிடம் போனால் இன்னும் தெளிவு. வீட்டில் இருந்து பொருள் காத்து வாழ்வதன் பயனே விருந்தினரைப் பேணுவதுதான் என்று விருந்தோம்பல் அதிகாரத்தைத் தொடங்குகிறார். பிள்ளையின் சிறுகை அளாவிய கூழ் அமிழ்தைவிட இனிது என்கிறார். அதை உண்ண அப்பன் வீட்டில் இருக்க வேண்டுமல்லவா? புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி, பலரோடு உண்ணும் பெருஞ்செல்வம் இருந்தும் சோற்றை அள்ளி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லையென்றால் வாழ்நாளுக்குப் பயனே இல்லை என்கிறான். ஆண்ட அரசன் சொன்னது இது. குழந்தை இருந்தும், அது விழித்திருக்கும் நேரத்தில் காணக் கிடைக்காதவனை அவன் எந்தக் கணக்கில் சேர்த்திருப்பான்?

மறுபக்கத்துக்கும் மேற்கோள் உண்டு. வினைதான் ஆடவர்க்கு உயிர் என்ற கருத்து குறுந்தொகையிலேயே இருக்கிறது. மடியின்மை, ஆள்வினையுடைமை என்று வள்ளுவர் அடுத்தடுத்து இரண்டு அதிகாரம் வைத்தார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடும் பொய்யல்ல. கெடு தவறிய சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் லாபம் மொத்தமும் அதிலேயே போய்விடும். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தக் குறுந்தொகைப் பாட்டே தலைவன் பிரிந்து போகமாட்டான் என்று தோழி தலைவிக்குச் சொல்லும் ஆறுதல் என்பதை மேற்கோள்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள். சோம்பலைக் கடிந்த வள்ளுவர் ஓய்வைக் கடியவில்லை. உடம்பும் அவர் பக்கம்தான். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொன்னது. 90 மணி நேரத்துக்கு அவர்கள் தனியாகக் கணக்குப் போடவில்லை.

"விடுமுறை கொடுத்தால் என்ன செய்கிறான்? சினிமாவுக்குப் போகிறான்" என்ற குற்றச்சாட்டு ஒன்று பாக்கி. போகட்டுமே! ரயில்வேயில் வரைவாளராக இருந்து, கூடாரத்தைச் சுமந்து ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அது இருந்த சாலைக்கு இன்றும் அதுதான் பெயர். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதல் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) உருவானது. வசனத்தில் கலைஞரின் கை இருந்தது. பஞ்சாலைக்கும் படக்கொட்டகைக்கும் நடுவில் வளர்ந்த ஊர் இது. ஆறு நாள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவன் மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து, நல்லவன் ஒருவன் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, தானும் கொஞ்சம் நிமிர்ந்து வெளியே வருகிறான். திரும்பும் டவுன் பஸ்ஸில் இளையராஜா பாட்டு. மடியில் பிள்ளை தூங்குகிறது. இதை வீண்பொழுது என்பவர் எதைப் பொழுது என்பார்?

மற்ற நேரமும் சும்மா போவதில்லை. மாவு அரைக்க வேண்டும், அம்மாவுக்கு மாத்திரை, பள்ளிக்கூடச் செருப்பு, ஒப்பணக்கார வீதியில் துணி, ஒரம்பரை வீட்டுக் காதுகுத்து. இல்லறத்தின் சில்லறை வேலை இவை. நூல்கள் இல்லறம் என்று பெரிய சொல்லால் சொன்னது நடைமுறையில் இந்தச் சில்லறைதான்.

இதே மண்ணில் 'சுமங்கலித் திட்டம்' நடந்ததை மறக்கலாகாது. கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி ஏழைப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நூற்பாலை விடுதியில் வைத்தார்கள். வெளியே போக அனுமதி அரிது. போனாலும் கூடவே காவல். தொல்காப்பியர் கல்விக்கு வைத்த அதே மூன்றாண்டு. இங்கே அது கதிருக்குப் போயிற்று. அந்தப் பிள்ளைகளின் ஞாயிறுகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

2023 ஏப்ரல் 21இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நாலு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்றார்கள். தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்து, மே முதல் தேதி திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. மூன்று நாள் ஓய்வு என்பது காகிதத்தில் இருக்கும், பன்னிரண்டு மணி நேரம் மட்டும் கம்பெனிக்குள் வந்துவிடும் என்று பயந்த தொழிலாளியைக் குறை சொல்ல முடியாது.

முதலாளியை மட்டும் கூண்டில் ஏற்றுவதும் சரியல்ல. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம்; ஆண்கள் 88. கம்பெனியில் ஆறு நாள் தைத்த பெண்ணுக்கு ஏழாம் நாள் துவைகல்லில் விடிகிறது; கறிக்குழம்பு கொதித்து எல்லோரும் உண்டு முடிக்கும்போது மணி மூன்று. தன் ஞாயிற்றைச் சூப்பர்வைசர் எடுத்துக்கொண்டால் கொதிக்கிற ஆண், அவள் ஞாயிற்றைத் தான் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பதில்லை. திருட்டு ஒன்றுதான், ஆள் வேறு.

சனிக்கிழமை சம்பளக் கவரை நீட்டும் ஐயாமாரே, நாளைக்கு வர முடியுமா என்று கேட்காதீர்கள். கவரை வாங்கி வீட்டுக்குப் போகும் அண்ணன்மாரே, காலையில் அந்தத் துணிமூட்டையை நீங்கள் எடுங்கள். மேட்னி ஷோவுக்கு அவளும் வரட்டும்.