ஐந்து வயதில் முதல் பரிசு எதற்கு?

ஐந்து வயதுப் பிள்ளைக்கு 'அம்மா' என்று எழுதத் தெரியவில்லை. இது யாருடைய குறை? பிள்ளையின் குறையா, பெற்றோரின் குறையா, பாலர் பள்ளி ஆசிரியரின் குறையா? இல்லை, இதில் குறையே இல்லையா?

எங்கள் கிளைக் கூட்டத்தில் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வந்தது. சரஸ்வதி பூஜையை ஒட்டிப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டி நடத்தலாமா என்று பேசினோம். உயிரெழுத்து 12ஐயும் பார்க்காமல் எழுத வேண்டும். முதல் மூன்று பேருக்குக் கிண்ணம். பெரும்பாலோருக்குச் சம்மதம்தான். "பிள்ளைங்களுக்கு ஒரு ஊக்கம்தானே, இதுல என்ன தப்பு?" என்றார்கள். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்துப் பாலர் வகுப்புக்கு உதவி செய்கிறவள் என்ற முறையில் நான் வேண்டாம் என்றேன். கூட்டத்தில் அதற்கான காரணங்களை முழுதாகச் சொல்ல நேரம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பெற்றோரின் பயத்தை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. அது நியாயமான பயம். ஏழு வயதில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளை ஒரே நேரத்தில் மூன்று மொழிகளைச் சந்திக்கிறது. தமிழுக்கு 247 எழுத்து. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ரோமன் எழுத்துதான் என்றாலும் ஒலி வேறு. 'சி' என்ற அதே எழுத்து மலாயில் 'சாவான்' என்னும்போது ச, ஆங்கிலத்தில் 'கேட்' என்னும்போது க. பெரியவர்களுக்கே தலை சுற்றும். "வாசிக்கத் தெரியாம போனா என் புள்ளைய பின்னால உக்கார வச்சிருவாங்கம்மா" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னபோது அது வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நம் நாட்டுக் கல்வித் திட்டமே இந்த விஷயத்தில் நம்மைவிடப் பொறுமையாக இருந்திருக்கிறது. 2010இல் தொடங்கிய லைனஸ் திட்டம், மலாய்மொழி வாசிப்பும் எழுத்தும் அடிப்படைக் கணக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிட வேண்டும் என்றது. அதற்கு வைத்த எல்லை மூன்றாம் ஆண்டு முடிவு, அதாவது ஒன்பது வயது. 2019இல் முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகளையும் எடுத்துவிட்டார்கள். ஏழு வயதுக்கே தேர்வு வேண்டாம் என்று பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. கோயில் மண்டபத்தில் நாம் ஐந்து வயதுக்கு வைக்கப் பார்க்கிறோம்.

அடுத்தது, அந்தப் போட்டி எதை அளக்கிறது என்று பார்ப்போம். பிறக்கும்போது மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. எல்லாம் இறுகி முடியப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து 'இ' எழுது, 'ஔ' எழுது என்கிறோம். தமிழில் கைக்கு மிகவும் சிரமமான சுழிகள் உயிரெழுத்துகளில்தான் இருக்கின்றன. நேர்கோடுகள் கொண்ட 'ட'வும் 'ப'வும், அதன் பிறகு 'ம'வும் பழகிய பிள்ளை, புள்ளி வைக்கத் தெரிந்ததும் 'படம்', 'பட்டம்', 'மடம்' என்று முழுச் சொல்லே வாசித்துவிடும். உயிரெழுத்து 12ஐயும் மனப்பாடமாக எழுதும் பிள்ளையின் வாசிப்பு 'ஆ', 'ஈ' போன்ற ஓரெழுத்துச் சொற்களோடு நின்றுவிடும். ஆனால் கிண்ணம் அதற்குத்தான்.

வாசிப்பு கையில் தொடங்குவதும் இல்லை. அது காதில் தொடங்குகிறது. தேவார வகுப்புக்கு வரும் சின்னப் பிள்ளைகளைக் கவனித்தால் தெரியும். ஓர் எழுத்தும் தெரியாமலேயே ல, ள, ழ மூன்றையும் பிரித்துப் பாடுவார்கள். அவர்களிடம் 'மாமரம்' என்று சொல்லிக் கைதட்டச் சொன்னால் மா, ம, ரம் என்று மூன்று தட்டுத் தட்டுவார்கள். சொல்லை இப்படி உடைத்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பிறகு எழுத்தைக் காட்டினால், ஏற்கெனவே தெரிந்த ஒலிக்கு ஒரு முகம் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

"அப்படின்னா எழுத்தே வேண்டாம், விளையாட விட்டுரலாம், வயசு வந்தா தானா வரும்" என்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். போட்டியை எதிர்த்ததால் நானும் அந்தக் கட்சிதான் என்று சிலர் நினைத்தார்கள். இல்லை. 'தானா வரும்' என்ற பேச்சு போட்டியைவிட அநியாயமானது என்றே நான் சொல்வேன். வீட்டில் கதைப் புத்தகம் இருந்து, இரவில் மடியில் உட்கார வைத்து வாசித்துக் காட்ட ஆளும் இருந்தால் ஓரளவுக்குத் தானாக வரலாம். அங்கே அது உண்மையில் தானாக வருவதும் இல்லை. யாரோ நாள்தோறும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அம்மா இரவு ஷிப்ட், அப்பா லாரியில் வெளியூர், பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, கையில் இருப்பது ஒரு போன் மட்டும் என்ற வீட்டில் எது தானாக வரும்? அந்தப் பிள்ளையைப் பார்த்துக் 'காலம் வரட்டும்' என்று சொல்வது பொறுமையைப் போலத் தெரியலாம். உண்மையில் அது கைவிடுவது.

ஆகவே கற்பிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாருக்காகக் கற்பிக்கிறோம், யாரை வைத்து நம் வேலையை அளக்கிறோம் என்பதுதான் அறம் சார்ந்த கேள்வி. போட்டி வைத்தால் வீட்டில் ஏற்கெனவே கிடைத்த பிள்ளைக்கு மேடையில் இன்னொரு முறை கிடைக்கும். கிடைக்காத பிள்ளை ஐந்து வயதிலேயே 'நமக்குப் படிப்பு வராது' என்ற பாடத்தைப் படித்துக்கொண்டு போகும். அந்தப் பாடத்தை அழிப்பது சுலபமில்லை.

நம் சமயம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? விஜயதசமியில் நாம் செய்கிற ஏடு தொடக்கும் சடங்கைப் பாருங்கள். அரிசியைப் பரப்பி, பெரியவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்கிறார். அங்கே பிள்ளை பென்சில் பிடிப்பதில்லை. யாரும் தோற்பதும் இல்லை, ஏனென்றால் பெரியவரின் கை கூடவே இருக்கிறது. முதல் எழுத்து என்பது இருவர் சேர்ந்து எழுதுவது. அந்தச் சடங்கு நடக்கும் மண்டபத்திலேயே ஒரு பிள்ளையின் எழுத்தை இன்னொரு பிள்ளையின் எழுத்தோடு மோதவிடுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

வியாசர் பாரதம் சொல்ல, விநாயகர் எழுதிய கதை நம் எல்லாருக்கும் தெரியும். நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று விநாயகர் நிபந்தனை போட்டார். பொருள் புரியாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது என்று வியாசர் பதில் நிபந்தனை போட்டார். எழுத்தின் அதிபதிக்கே அந்த விதி என்றால் நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் பொருள் இல்லாத பன்னிரண்டு சுழிகள்? இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது, இன்னும் 'அ' எழுத வராத ஒரு பையன், "அக்கா, கொம்ப ஒடைக்கும்போது பிள்ளையாருக்கு வலிக்கலையா?" என்று கேட்டான். கதைக்குள் இறங்கிப் போய்க் கேட்ட கேள்வி அது. வாசகன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். எழுத்துப் போட்டியில் அவனுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது.

போட்டிக்குப் பதிலாக ஒன்றைக் கிளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பூஜை நாளில் ஒவ்வொரு பிள்ளையும் நம்மில் ஓர் அக்காவுக்கோ அண்ணனுக்கோ ஒரு கதை சொல்லட்டும். நான்கு வரி போதும். பூனையைப் பற்றியோ பாட்டியைப் பற்றியோ எதுவாக இருந்தாலும் சரி. பிள்ளை சொல்லும் சொற்களையே அதன் கண் முன்னால் பெரிய எழுத்தில் எழுதி, விரல் வைத்து வாசித்துக் காட்டுவோம். தான் சொன்னது தாளில் நிற்கிறது, திரும்பப் பேசுகிறது என்று பிள்ளை அன்றைக்குக் கண்டுகொள்ளும். எழுத்து எதற்கு என்பது அதற்குப் புரிந்துவிடும். பிள்ளை வியாசராக இருக்கட்டும், எழுதுகிற வேலை நமக்கு. கிண்ணத்துக்கு வைத்திருந்த காசில் ஆளுக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

பூஜை முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. கல்லூரி முடித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் நம்மில் பலர். உங்கள் தாமானில், உங்கள் அடுக்குமாடியில் வாசித்துக் காட்ட ஆள் இல்லாத ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடிப் போகாதீர்கள், அதற்கு ஆள் உண்டு. ஒரு புத்தகத்தோடு அந்த மற்றப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.