பெற்ற உதவியை விடும் நாள் எது?

கொடுக்கும் கை உயர்ந்தது, வாங்கும் கை தாழ்ந்தது என்னும் கருத்துப்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை நம் மக்தபுச் சிறார்களும் அறிவர். மேடைதோறும் அதை எடுத்தோதுகிறோம். ஆயின், வாங்கிக்கொண்டிருந்த கை எந்த நாளில் தன்னை மடக்கிக்கொள்ள வேண்டும்? அது மடங்கும் நாளில் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவர் யார்? இவ்விரு வினாக்களையும் நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணிப் பார்த்தவனல்லன். ஓர் ஏழைப் பெண்மணி கேட்ட கேள்வியே என்னை எண்ண வைத்தது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது. அதைச் சுற்றிய தெருக்களில், ஓரிரு லேத்துகளை வைத்துக்கொண்டு பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் இன்றும் நிறைந்துள்ளன. அத்தகைய பட்டறை ஒன்றில் கூலிக்கு உழைத்தவர் அப்பெண்மணியின் கணவர். நோயுற்று இறந்தார். இரு குழந்தைகளோடும் வாடகை வீட்டோடும் நின்ற அந்த அம்மையாருக்கு, ஆதரவற்ற விதவையருக்கென 1975 ஜூன் முதல் தமிழக அரசு வழங்கிவரும் மாத உதவித்தொகை கிடைத்தது. 2023 ஆகஸ்டில் அத்தொகை 1200 ரூபாய் ஆயிற்று. அரிசி வாங்கியது போக மிஞ்சாத தொகைதான். எனினும் மாதந்தோறும் தவறாமல் வருகின்ற தொகை. ஏழையின் இல்லத்தில் ‘தவறாமல் வருவது’ என்பதற்குள்ள மதிப்பை வசதி படைத்தோர் எளிதில் உணரார்.

அவர் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் பயின்றவர். ஆவடியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் மூன்று மாதம் ‘டாலி’ கற்றார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதுவரை சட்டைப் பையிலேயே கணக்கு வைத்திருந்த பட்டறைக்காரர் பலரும் பில்களையும் வரிக் கணக்கையும் தவணை தவறாமல் கணினி வழியே ஒப்படைக்க வேண்டியவராயினர். தவறினால் தாமதக் கட்டணம். இவர் தம் பில்லைப் பதியாவிட்டால், இவரிடம் சரக்கு வாங்கிய ஆலைக்கு, செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை தடைப்படும். பிறகு அடுத்த ஆர்டர் வருமா என்பது ஐயமே. முழுநேரக் கணக்கர் ஒருவரை அமர்த்தச் சிறு பட்டறைக்கு வசதி ஏது? ஆகவே ஐந்தாறு பட்டறைகளுக்குப் பொதுவாக ஒருவர், தம் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கும் பிழைப்பு ஒன்று தோன்றிற்று. இவர் அதில் இறங்கினார். முதல் பட்டறை மாதம் 800 ரூபாய் கொடுத்தது. ஓராண்டில் ஐந்து பட்டறைகள் சேர்ந்தன.

ஒருநாள் பட்டறைக்காரர் ஒருவர் நான்கு பில்களைத் தனியே எடுத்து வைத்து, “இவை கணக்கில் வரவேண்டா, அம்மா” என்றாராம். “அப்படியானால் இந்தக் கணக்கை நான் எழுதுவதற்கில்லை, சார்” என்று இவர் மறுத்துவிட்டார். அவர் சற்று நேரம் விழித்துவிட்டு, பில்களைத் திரும்ப வைத்துவிட்டார். மகனை மக்தபுக்கு அழைத்துவந்த அன்று மாலை அம்மையார் என்னிடம் கேட்டார்:

“ஹஜ்ரத், அவர் மறைத்த நான்கு பில்லை நான் கண்டேன். தாலுகா ஆபீசில் என்னை ஆதரவற்றவள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் பேரேட்டில் விடுபட்டிருக்கும் வரியை யார் காண்பது? சென்ற மாதம் ஒன்பதாயிரம் வந்தது. அதற்கு முந்தைய மாதம் நான்காயிரம்தான். இந்த ஆயிரத்து இருநூறை நான் வாங்கலாமா, கூடாதா?”

நான் சிறிதும் தயங்கவில்லை. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்லி, “விட்டுவிடுங்கள், அம்மா, அல்லாஹ் தருவான்” என்றேன். “சரி, ஹஜ்ரத்” என்று சொல்லிச் சென்றார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. அன்றிரவு எனக்கும் மனம் தெளியவில்லை. நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு, நான் சொன்னதை மீண்டும் ஆராய்ந்தேன்.

ஹகீம் (ரலி) பெருமானாரிடம் பொருள் கேட்டார், பெற்றார். மீண்டும் கேட்டார், பெற்றார். மூன்றாம் முறையும் கொடுத்த பின், பேராசையோடு கொள்ளும் பொருளில் பரக்கத் இல்லை என்பதை நாயகம் (ஸல்) எடுத்துரைத்தார்கள். ‘இனி எவரிடமும் எதுவும் பெறேன்’ என்று அவர் உறுதி பூண்டார். பின்னர் கலீபா அபூபக்கர் (ரலி) மானியம் கொடுக்க அழைத்தபோது மறுத்தார். கலீபா உமர் (ரலி) அழைத்தபோதும் மறுத்தார். உமர் (ரலி) மக்களைச் சாட்சியாக்கி, ‘இவருக்குரிய உரிமையை நான் இவர்முன் வைத்தேன், இவர் ஏற்கவில்லை’ என்று அறிவித்தார்கள்.

இவ்வரலாற்றில் நான் விட்டுவிட்டவை இரண்டு. ஒன்று, ஹகீம் (ரலி) குறைஷியருள் பெருவணிகர். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் உடன்பிறந்தார் மகன். அவர் கை விரித்து மறுக்கலாம். மறுத்தாலும் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அவருடைய மேன்மையைக் காட்டி, வாடகைக்கு அஞ்சும் ஒரு விதவையை நான் வருத்தினேன். மற்றொன்று, உமர் (ரலி) அம்மானியத்தை ‘உரிமை’ என்றே அழைத்தார்கள். அவர்கள் ஏற்படுத்திய ‘தீவான்’ என்னும் பதிவேட்டில் பெயர் எழுதப்பெற்றோர்க்குச் செல்வர் வறியர் என்ற பாகுபாடின்றி மானியம் உண்டு. அதை வைத்துக்கொண்டாலும் ஹகீம் (ரலி) குற்றவாளி ஆகியிருக்கமாட்டார். இவ்வம்மையார் பெறுவதோ தேவையை முன்னிட்டு வழங்கும் தொகை. தேவை நீங்கியபின் அதை வைத்துக்கொள்வது அமானத்துக்கு மாறு. ஆகவே நான் காட்டிய சான்று ஒரு பக்கம் மிகக் கடுமையாகவும், மறுபக்கம் போதாததாகவும் இருந்தது.

இவ்வினாவுக்கு நேரான விடை வேறொரு நபிமொழியில் உள்ளது. கபீஸா (ரலி) என்னும் தோழர், பிறருக்காகத் தாம் ஏற்ற பொறுப்புத் தொகைக்கு உதவி நாடி வந்தார். அவருக்கு உதவி வாக்களித்த பெருமானார், கேட்டுப் பெறுதல் மூவருக்கே ஆகும் என்றார்கள்: பிறருக்காகப் பொறுப்பேற்றவர், பேரிடரில் பொருளிழந்தவர், தம் சமூகத்தில் அறிவுடைய மூவர் சாட்சி கூறுமளவு வறுமையுற்றவர். பின்னிருவருக்கும் எல்லையாகச் சொல்லப்பட்டது, வாழ்வு நிலைபெறும் பிடிமானம் கிடைக்கும் ‘வரையில்’ என்பதே. அரபியில் ‘ஹத்தா’ என்னும் சிறு சொல் அது. உதவி பெறுவதை அச்சொல் இழிவுபடுத்தவில்லை. அதற்கு ஓர் எல்லைக் கல்லை நடுகிறது.

பிடிமானம் என்பது யாது? ஒரு மாதம் ஒன்பதாயிரம் வந்து, மறுமாதம் நான்காயிரமாகத் தேய்வது பிடிமானமாகுமா? ஒரு மாதம் நின்று மறுமாதம் சாயும் கம்பத்தை நம்பி யாரும் கூரை வேய்வதில்லை. இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஷாபிஈ மத்ஹபின் சட்ட மேதைகள், ஸகாத்தைக் கொண்டு தொழிலறிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கிக் கொடுக்க வேண்டும், விலை சிறிதாயினும் பெரிதாயினும், என்கின்றனர். அவர் மீண்டும் கையேந்தாத நிலையை அடைவதே நோக்கம். இன்று ஒரு கணக்கருக்குக் கணினியே கருவியன்றோ?

இவ்வளவும் எண்ணியபின் என் உள்ளத்தில் ஒரு வேறுபாடு தெளிந்தது. உதவியை விடுவது ஒரு கடமை. உண்மையைச் சொல்வது மற்றொரு கடமை. முன்னது தேவை நீங்கும் நாளுக்குக் காத்திருக்கலாம். பின்னது ஒருநாளும் காத்திருக்கலாகாது. ‘எனக்கு இன்னும் தேவை இருக்கிறது’ என்பது உதவியைப் பெறுவதற்குக் காரணமாகும். வருமானத்தை மறைப்பதற்குக் காரணமாகாது. தேவை உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் பொறுப்பை அவர் தனியே சுமக்கவேண்டியதில்லை. கணக்கை உள்ளபடி எழுதி உரியவர்முன் வைப்பதே அவர் பொறுப்பு.

மறுநாள் என் துணைவியாரை அனுப்பி அவரை அழைத்து, “நேற்று நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன், அம்மா” என்று தொடங்கி இதைச் சொன்னேன். திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியதே என்பதையும் நினைவூட்டினேன். எழுதுபவர் நீதியோடு எழுதவேண்டும், அல்லாஹ் கற்பித்தவாறு எழுத மறுக்கலாகாது என்று அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. யூசுப் (அலை) எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தம் தகுதிகளாகச் சொன்னவை இரண்டு: காப்பவர், அறிந்தவர். கணக்கருக்கு வேண்டியவையும் இவ்விரண்டே. பிறர் கணக்கைக் காப்பவர் முதலில் தம் கணக்கைக் காக்கவேண்டும்.

அவர் கேட்டார்: “உண்மையைச் சொன்ன உடனே நிறுத்திவிட்டால், வேலை குறைந்த மாதத்தில் என்ன செய்வேன், ஹஜ்ரத்?”

இக்கேள்வி அவரை நோக்கியதன்று, நம்மை நோக்கியது. உமர் (ரலி) ஆட்சியில் பால்குடி மறந்த குழந்தைக்கே மானியம் என்றொரு விதி முதலில் இருந்தது. ஓர் இரவு ஒரு குழந்தை ஓயாது அழக் கேட்டு விசாரித்தபோது, மானியத்துக்காகத் தாய் அதற்குக் காலத்துக்கு முன்பே பாலை மறக்கடிக்கிறாள் என்று தெரிந்தது. கலீபா கலங்கினார்கள், பிறந்த நாளிலிருந்தே மானியம் என்று விதியை மாற்றினார்கள். தாயைத் தண்டிக்கவில்லை, தம் விதியின் விளிம்பு கூரியதாய் இருந்ததை உணர்ந்தார்கள். இன்றும் உதவித்தொகை ஒரே நாளில் அடியோடு நிற்குமென்றால், அவ்விளிம்பில் நிற்கும் ஏழைக்குப் பொய் சொல்லும் சோதனை உண்டாகிறது. உதவி படிப்படியாகக் குறையும் வழியை அரசினர் எண்ணிப் பார்ப்பது நன்று.

அரசினரைச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. அப்பெண்மணிக்குச் சேரவேண்டிய கூலியை இரண்டு மாதம் தாமதித்தவர்களுள் ஐவேளைத் தொழுகையாளரும் உண்டு. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழியை நாம் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் மட்டுமே உரியதாகக் கொள்கிறோம். கணக்கெழுதும் பெண்ணின் வியர்வை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை போலும்! ரமலானில் புடவையும் அரிசியும் வழங்கும் நம் கைகள், ஒருவர் உதவியை விட்டுத் தொழிலுக்கு வரும் அந்த ஆறு மாத இடைவெளியில் எங்கே போகின்றன? அப்போது ஓர் அழகிய கடன், ஒரு பழைய கணினி, தவணை தவறாத கூலி ஆகிய இவையல்லவோ சிறந்த தருமம்?

அந்த அம்மையார் பன்னிரண்டு மாத வரவு செலவைத் தம் கையால் ஒரு தாளில் எழுதி, மனுவோடு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். சில மாதங்களில் உதவித்தொகை நின்றது. அதற்கடுத்த மாதமே இரு பட்டறைகளின் பணம் வரவில்லை. மஹல்லாப் பெண்கள் மூவர் சேர்ந்து ஆறாயிரம் ரூபாய் கைமாற்றுக் கொடுத்தனர். “நமக்குள் எழுத்து எதற்கு, அக்கா?” என்று அவர்கள் தடுத்தும், அவர் தொகையையும் திருப்பித் தரும் நாளையும் எழுதி, சாட்சிகளின் பெயரையும் குறித்துக்கொண்டார். நான்கு மாதத்தில் கடன் தீர்ந்தது. வருமானம் இன்னும் ஏறியும் இறங்கியுமே வருகிறது. அவர் பேரேட்டில் விடுபட்ட வரி மட்டும் இல்லை.

மறுமையில் நம் ஏடுகள் விரிக்கப்படும் நாள் ஒன்று உண்டு. அந்நாளில் உதவி பெற்றவர்களிடம் அவர்கள் பெற்றது பற்றிக் கேட்கப்படலாம். அவர்கள் அதை விட்ட நாளில் நீங்கள் எங்கிருந்தீர்கள் என்று நம்மிடமும் கேட்கப்படலாம். இரு சாராரும் தடுமாறாது விடையளிக்க வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.