எழுந்திரு தாயே, கேட்டு வாங்கு!

மூன்று வயதாகியும் உன் பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடவில்லை. பேர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. மாமியார் வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, “அவங்கப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசுனாரு” என்கிறார். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் சொல்கிறேன், இனி ஒருநாள்கூடக் காத்திருக்காதே!

ஒன்பது மாதத்தில் உட்கார வேண்டும். ஒன்றரை வயதில் நடக்க வேண்டும். இரண்டு வயதில் ‘பால் தா’ என்று இரண்டு சொல்லாவது சேர வேண்டும். பிந்தினால் உடனே காட்டு. காது கேட்காததால்கூடப் பேச்சு நின்றிருக்கலாம், சோதித்தால்தானே தெரியும்?

நல்லூர், விருத்தாசலம் பக்கத்துப் பெண்களுக்குப் பீங்கான் வேலை தெரியும். ஈரமாக இருக்கும்வரை மண் கைக்கு வளையும், சூளை ஏறினால் வளையாது. பிள்ளை அப்படி இறுகிவிடுவதில்லை, பத்து வயதிலும் கற்கும். ஆனால் முதல் ஆறு ஆண்டுகளில் மூளை வாங்கிக்கொள்ளும் வேகம் பிறகு வராது.

அங்கன்வாடியில் தொடங்கு. 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கேயே வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அவர்கள் எழுதித் தருவதை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போ. மையம் இருக்கும் கடலூர் தூரம்தான், ஒருநாள் கூலி போகும்தான். அதற்காகத்தான், பக்கத்திலேயே பயிற்சி கிடைக்க, மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ மையங்கள் வந்திருக்கின்றன. கடலூர் மாவட்டம் அதன் முதல் கட்டத்திலேயே இருக்கிறது. வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர் உண்டு. கதவைத் தட்டு!

யாரிடமும் கை ஏந்தப் போகவில்லை நீ. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அரசுக்குக் கட்டளையிடுகிறது. தலை நிமிர்ந்து கேள்!

உடம்பில் வலுவில்லை, துணைக்கு ஆளில்லை என்கிறாயா? தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைப் பார். 1975-ல் எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் அசையவில்லை. அந்த மனிதர்தான் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. இன்று அந்தச் சங்கத்தின் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், வளர்ச்சி பிந்திய குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். கூடவே பெற்றோருக்கும் கற்றுத் தருகிறார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பயிற்சியாளர் பார்ப்பது கொஞ்ச நேரம், மிச்ச நாள் முழுக்கப் பிள்ளை உன் கையில்! சோறூட்டும்போது பேசு, குளிப்பாட்டும்போது கை கால் பேர் சொல்லு. எந்த மையமும் தர முடியாத மணிநேரங்கள் அவை.

அப்பாக்களே, நீங்களும்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது தாய் ஒருத்தியின் வேலையா?

நாளைக் காலை அங்கன்வாடி திறந்ததும் போய் நில், தாயே. தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள். பிள்ளை செய்வதையும் செய்யாததையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோ. “அடுத்த மாசம் பாக்கலாம்” என்றால் எந்தத் தேதி என்று கேள். அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு வா!