அபயப்ரதானம்

உற்றாரையும் ஊரையும் துறந்து நான்கு துணைவரோடு வந்த விபீஷணாழ்வானைக் கண்டு சுக்ரீவ மஹாராஜர் ஐயுற்றார். சக்ரவர்த்தித் திருமகனோ அபயம் அளித்ததோடு அமையாமல், கடல்நீர் கொணர்வித்து அக்கடற்கரையிலேயே பட்டாபிஷேகமும் செய்வித்தருளினான்.

1962-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் பர்மாவில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின; 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாய் அங்கு வாழ்ந்த நம்மவர் ஈட்டியவற்றை இழந்து, கப்பலேறிச் சென்னையில் வந்திறங்கினர். துறைமுகத்தருகே நடைபாதையில் அவர்கள் கடை விரித்துப் பிழைத்த இடமே பர்மா பஜார்.

கரையேறியவருக்கு ‘அஞ்சேல்’ என்னும் சொல் மட்டும் போதுமோ? நிற்க இடமும் பிழைக்க வழியும் சேர்ந்தாலன்றோ அபயம் நிறைவுறும்! உத்ஸவம் ஸேவித்து மீளும் அன்பர்காள்! வீடிழந்து வருவோரை ஐயத்தோடு நோக்காது, இடமளித்து ஆதரிப்போமாக. அதுவே சரணாகத வத்ஸலனுக்கு உகந்த கைங்கர்யம்.