பதில் சொல்ல முடியாத சந்தேகம்

கீழ்வேளூரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு இணையக் கடையில் மிக்ஸி ஆர்டர் போட்டேன். என் சென்னை முகவரிக்கு இருந்த 'கேஷ் ஆன் டெலிவரி' வசதி, அம்மாவின் முகவரியைக் கொடுத்ததும் காணாமல் போய்விட்டது. போனில் சொன்னபோது, "ஏம்ப்பா, நாம காசு குடுக்க மாட்டோம்னு நெனைக்கிறாங்களா?" என்றாள்.

சந்தேகப்படுவதே தவறு என்று சொல்லமாட்டேன். வாங்குபவர் பார்சலை மறுத்துவிட்டால் போகவர ஆகும் செலவு பெரும்பாலும் விற்பவர் தலையில்தான். சின்ன வியாபாரிக்கு அது அன்றைய லாபம். பொய்ப் பெயரில் ஆர்டர் போடுபவர்களும், புதுசை வைத்துக்கொண்டு பழசைத் திருப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். பொருள் கிளம்பும் முன்பே இவர்களைக் கண்டுபிடிக்கத்தான் செயற்கை நுண்ணறிவு வந்தது. 2019இல் ரேசர்பே வாங்கிய தேர்ட்வாட்ச் இந்த வேலைக்காகவே உருவான இந்திய நிறுவனம். இத்தகைய மென்பொருள்கள் பழைய ஆர்டர்கள், போன் எண், முகவரி போன்றவற்றைப் பார்த்து ஒவ்வொரு ஆர்டருக்கும் மதிப்பெண் போடுகின்றன. "கோயிலுக்குத் தெக்கால, அரசமரத்துக்கு எதிர்வீடு" என்பது தபால்காரருக்குப் போதும். கணினிக்கு அது அரைகுறை முகவரி. அக்கம்பக்கத்தார் திருப்பி அனுப்பிய பார்சலும் நம் கணக்கில் சேரலாம்.

எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரும் சந்தேகப்பட்டவர்தான். "பாக்கி ஏறிப்போச்சு தம்பி, அப்பாவ வரச் சொல்லு" என்று ஒருநாள் வெறும் பையோடு என்னைத் திருப்பி அனுப்பினார். அப்பா போனார். கொள்முதல் நிலையத்தில் நெல்மூட்டை எடைபோடாமல் கிடப்பதைச் சொன்னார். சாமான் வந்தது.

அந்த நோட்டில் எல்லாத் தெருவுக்கும் பக்கம் இருந்ததா? இல்லை. வெண்மணி இருக்கும் தாலுகா இது. மனிதக் கண் சாதி பார்த்தது. இயந்திரம் பார்க்காது என்று நம்பலாமா? முகவரியைப் பார்த்தால் போதுமே, நம் ஊர்களில் தெருவே சாதியைச் சொல்லிவிடும்.

ஆனாலும் கடைக்காரரிடம் போய் ஏன் என்று கேட்கலாம். மறுநாளும் அவர் நம் முகத்தில் விழிக்க வேண்டும். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுச் சட்டம், இயந்திரம் மட்டுமே எடுத்த முக்கியமான முடிவுகளை எதிர்த்து ஒரு மனிதரிடம் முறையிட வழி தருகிறது. நம்முடைய 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை. மோசடியைத் தடுக்கட்டும், தடுக்கப்பட்டவர் போய் நிற்க ஒரு வாசலாவது வேண்டாமா?

முன்கூட்டியே பணம் கட்டினேன். மிக்ஸி வந்தது. கொண்டுவந்த பையனிடம் அம்மா காரணம் கேட்டிருக்கிறாள்.

"எனக்குத் தெரியாதும்மா, நான் பார்சல் மட்டும்தான் கொண்டாறேன்" என்றானாம்.