பேணுந் தொழில்

புதிதாக ஒன்றை ஆக்குவோரை உலகம் புகழும். ஆக்கியது அழியாது காப்போரை நினைப்பவர் சிலரே. மதில் எடுப்பித்தவன் பெயர் கல்லிலே பொறிக்கப்படும். சரிந்த கல்லை மீள எடுத்து வைத்தவன் பெயரை அயலாரும் அறியார். இதனாற் பேணுந் தொழில் தாழ்ந்ததாகுமோ என்பதை ஆராய்வாம்.

நெடுந்தீவுக்குச் சென்றோர் அங்கே வளவுகளைச் சூழ்ந்து நிற்கும் கல்வேலிகளைக் கண்டிருப்பர். அவை முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கி அமைத்தவை. கல்லைக் கல்லே தாங்கி நிற்றலின், ஒன்று பெயர்ந்தால் அதனை அடுத்ததும் பிடி இழக்கும். அன்றே எடுத்து வைப்பின் அது சிறு வேலை. காலங் கடத்தினால் ஒரு பகுதியையே குலைத்து அடுக்கல் வேண்டும். பனையோலை வேலியும் இத்தன்மைத்தே. உக்கிய ஓலையை மாற்றியே ஆகவேண்டும். ஆறில்லாத தீவுகளிலே நன்னீர்க் கிணறு உயிர்போன்றது. அதனையும் இறைத்துச் சேறு வாரல் வேண்டும்.

“மீண்டும் கெடுவதை இன்று திருத்துவதாற் பயன் யாது?” எனச் சிலர் வினவுவர். நாளையும் பசிக்கும் என்று இன்று உண்ணாதிருப்பார் இலர். மேலும், வேலியின் கேடு உடையவனோடு நில்லாது. அவ்வழியே புகும் மாடு அயலான் பயிரையும் மேயும். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போர் காரணமாகத் தீவகத்தார் பெருந்தொகையினர் ஊரை விட்டகன்றனர். கைபடாத வளவுகளைப் பற்றை மூடிற்று. மீண்டு வந்தோர் குடியிருக்குமுன் கத்தியும் மண்வெட்டியும் எடுக்க நேர்ந்தது. நாடோறும் செய்த சிறு பணிகள் எத்துணைப் பெரியன என்பது அவை நின்றபோதே புலனாயிற்று.

“கூலி கொடுத்துச் செய்வித்தால் அமையாதோ?” எனின், அமையும். முதியோரும் தூரதேசத்திலிருப்போரும் வேறென் செய்வர்? கூலி கொடுத்தல் குற்றமன்று. கூலி பெற்றுச் செய்வோரை இகழ்தலே குற்றம். இத்தொழில்களைச் சில குலத்தார்மேற் சுமத்தி, அவர் திருத்திய வளவிலே அவரையே முற்றத்துக்கு அப்பால் நிறுத்திய வழக்கு நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. அஃது அத்தொழிலுக்கு இழிவன்று. அவ்வாறு நிறுத்தினோர்க்கே இழிவு. திருநாவுக்கரசு நாயனார் கையிற் கொண்டது உழவாரம். திருப்புகலூரிலே புல் செதுக்கிய இடத்திற் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றைப் பரற்கற்களோடு ஒப்ப எண்ணிக் குளத்தில் எறிந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அவர் அப்பணியை வேறொன்றைப் பெறுதற்குச் செய்தாரல்லர்.

ஆசிரியர்காள்! பிந்தி வந்த மாணாக்கனைத் தண்டமாகப் புல்லுப் பிடுங்க விடும் வழக்கம் நம் பாடசாலைகளில் உண்டு. அதனால் அவன் கற்பது யாது? மண்வெட்டி பிடித்தல் குற்றஞ் செய்தோர்க்குரியது என்பதே. அவன் தந்தை தோட்டஞ் செய்பவராயின், தந்தையையும் இகழக் கற்பான். உழைப்பின் உயர்வைக் காலையிலே வாயாற் போதித்து, மாலையிலே அதனைத் தண்டமாக விதித்தல் முரணன்றோ? பிழைக்குத் தண்டம் வேறு காண்க. முற்றந் திருத்தலும் வேலி அடைத்தலும் எல்லார்க்கும் முறைவைத்து வருக. முதன்முறையை ஆசிரியரே ஏற்க.