காட்டும் கருவியும் காணும் உயிரும்

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரம், கண் தானாகக் காண்பதில்லை, உயிர் அதற்குக் காட்டித் தானும் உடன் காண்பதால்தான் காட்சி நிகழ்கிறது என்னும் உவமையைக் கொண்டு இறைவன் உயிருக்குச் செய்யும் உதவியை விளக்குகிறது. அறியச் செய்வதைக் காட்டும் உபகாரம் என்றும், ஒன்றி நின்று உடன் அறிவதைக் காணும் உபகாரம் என்றும் சைவ சித்தாந்த மரபு வழங்குகிறது. நாடியையும் உறக்கத்தையும் ஓயாமல் அளக்கும் கைக்கடிகாரங்களை எடைபோட இப்பாகுபாடு பெரிதும் உதவுகிறது.

கடிகாரத்தின் அடிப்புறத்தில் மினுங்கும் பச்சை ஒளியைத் தோலுக்கடியில் ஓடும் குருதி உறிஞ்சுகிறது. துடிப்புக்குத் துடிப்பு குருதியின் அளவு மாறுவதால் திரும்பி வரும் ஒளியும் மாற, அம்மாற்றத்திலிருந்து நாடி கணிக்கப்படுகிறது. இது காட்டுவது அற்பமானதன்று. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கி, குருதிக்கட்டி உண்டாகிப் பக்கவாதம் வரையில் கொண்டுபோகக்கூடிய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் நோய், பலரிடம் எந்த உணர்வையும் எழுப்பாமலே இருந்துவிடுகிறது. 2019இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் பங்கேற்ற 4,19,297 பேரில் 0.52 விழுக்காட்டினருக்கு ஒழுங்கற்ற நாடி பற்றிய எச்சரிக்கை சென்றது. அவர்களுள், இதய மின்னலையைப் பதியும் பட்டையை மார்பில் ஒட்டிக்கொண்டு பின்னர் திருப்பியனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினரிடம் அந்நோய் தென்பட்டது. தன் உடலை உயிர் தானே முழுதும் அறியும் என்ற நம்பிக்கை இங்கே தகர்கிறது. சித்தாந்தி அதை என்றுமே நம்பியவரல்லர்.

உறக்கத்தில்தான் சிக்கல் முற்றுகிறது. உறக்கத்தின் படிநிலைகளை ஆய்வகம் மூளையின் மின்னலைகளைக் கொண்டு தீர்மானிக்க, கடிகாரமோ கையசைவையும் நாடியையும் வைத்து ஊகிக்கிறது. அளவையியலில் கருதல் எனப்படும் இவ்வூக அறிவு, திரையில் எண்ணாகத் தோன்றியதும் காட்சி எனப்படும் நேரறிவின் வேடத்தைப் பூண்டுகொள்கிறது. நிறைவான உறக்க எண்ணைத் துரத்தியே உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் நிலைக்கு 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயரிட்டனர். அவர்கள் விவரித்த நோயாளி ஒருவர், ஆய்வகச் சோதனையில் ஆழ்ந்த உறக்கம் பதிவான பின்னும், கருவி மட்டும் ஏன் வேறுவிதமாகச் சொல்கிறது என்றே கேட்டார். உயிர் எதைப் பற்றுகிறதோ அதன் தன்மையாகவே நிற்பதைச் சித்தாந்திகள் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். காலையில் உடலில் அசதி உண்டா என்று பாராமல், திரையில் எண் குறைந்திருப்பதைக் கண்ட பிறகே அசந்துபோகிறவரிடம் அது கண்கூடு.

இதய ஆய்வில் எச்சரிக்கை பெற்றும் பட்டையில் நோய் தென்படாத எஞ்சியோருக்கு அந்நோய் இல்லையா, பட்டை ஒட்டியிருந்த நாட்களில் மட்டும் தலைகாட்டவில்லையா என்பதைக் கடிகாரம் சொல்வதில்லை. அதைப் பதிவுகளோடு நோயாளியின் முகத்தையும் பார்த்துச் சொல்ல மருத்துவர் ஒருவர் உடன் அமர வேண்டியிருக்கிறது.